கொலைக்குக் காரணம் தேடுவோம். கூட்டத்தைத் தேட வேண்டாம்

கொழும்பு வாழ் சக குடிமக்களுக்கு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் சிலரின் வேண்டுகோள்



நாங்கள் எந்தக் கட்சியின் பெயராலும் இதை எழுதவில்லை. எங்களில் ஆசிரியர்கள், கடை வைத்திருப்பவர்கள், சட்டத்தரணிகள், ஓய்வுபெற்ற அரசாங்க ஊழியர்கள், பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சைவரும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் பௌத்தரும் இருக்கிறார்கள். எந்தச் சமயத்தையும் பின்பற்றாதவர்களும் உண்டு. எங்களை ஒன்றுசேர்த்தது ஒரே ஒரு கவலை.

இந்த நாட்டில் அரசியல்வாதி ஒருவர் கொல்லப்பட்டால், அவருடைய உடல் வீடு போய்ச் சேர முன்பே ஒரு விவாதம் தொடங்கிவிடுகிறது. கொலை மதத்துக்காக நடந்ததா, அரசியலுக்காக நடந்ததா? கேள்வி நியாயமானது. கொலையின் நோக்கத்தை அறிய ஒரு சமூகத்துக்கு உரிமை உண்டு. ஆனால் பெரும்பாலும் அந்தக் கேள்வி விடை தேடிக் கேட்கப்படுவதில்லை. யார் மீது கோபத்தைத் திருப்பலாம் என்று பார்ப்பதற்கே கேட்கப்படுகிறது. “மதம்” என்று விடை வந்தால் அந்த மதத்தைச் சேர்ந்த அயலவர் பயந்து கதவைப் பூட்டுகிறார். “அரசியல்” என்று விடை வந்தால், “அரசியலில் இதெல்லாம் நடப்பதுதானே” என்று நாம் கடந்து போகிறோம். முதலாவது விடையில் குற்றமற்றவர் தண்டிக்கப்படுகிறார். இரண்டாவது விடையில் குற்றவாளி தப்பிக்கொள்கிறார்.

இந்த வேண்டுகோளுக்கு அடிப்படையாக 1959ஆம் ஆண்டுக் கொலையை எடுத்துக்கொள்கிறோம். அந்த வழக்கு நீதிமன்றத்தில் முழுமையாக விசாரிக்கப்பட்டது. ஆறப்போட்டு யோசிக்கப் போதிய காலமும் கடந்துவிட்டது.

1959 செப்டெம்பர் 25ஆம் திகதி காலை, கொழும்பு 7, ரொஸ்மீட் பிளேஸில் உள்ள தமது இல்லத்து விறாந்தையில் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார். தல்துவே சோமராம தேரர் என்ற பிக்கு அவரைச் சுட்டார். மறுநாள் பிரதமர் காலமானார். சோமராம சுதேச வைத்தியக் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்த கண் வைத்தியர். காவியுடை தரித்த ஒருவர், தம்மை வணங்கிய பௌத்தப் பிரதமரைச் சுட்டார் என்பதைக் கேட்டு நாடு திகைத்தது.

அப்படியானால் இது மதக் கொலையா? நாட்டுக்காகவும் இனத்துக்காகவும் மதத்துக்காகவும் செய்ததாக சோமராம முதலில் சொன்னார் என்பது பதிவாகியுள்ளது. பின்னர் விசாரணையில் தமது வாக்குமூலத்தை மறுத்தார். ஆனால் வழக்கு அவரோடு நிற்கவில்லை. களனி ரஜமஹா விகாரையின் விகாராதிபதியான மாப்பிட்டிகம புத்தரக்கித தேரரும், அவருக்கு நெருக்கமான வர்த்தகர் எச்.பி. ஜயவர்தனவும் சதியில் பங்கெடுத்தவர்களாகக் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். 1956 தேர்தலில் பண்டாரநாயக்கவை ஆட்சிக்குக் கொண்டுவர உழைத்த பிக்குகள் அமைப்பில் புத்தரக்கித முன்னணியில் நின்றவர். தேர்தலில் செலவிட்ட பணத்துக்கும் உழைப்புக்கும் ஈடாக எதிர்பார்த்த வியாபார வாய்ப்புகள், கப்பல் கம்பனி தொடர்பான முயற்சி உட்பட, கைகூடாமற் போனதே அவருடைய வன்மத்துக்குக் காரணம் என்று விசாரணையில் எடுத்துக்காட்டப்பட்டது.

ஆகவே சுட்டவரின் உடை மதத்தைக் காட்டியது. சதிக்காரரின் செல்வாக்கு அரசியலிலிருந்து வந்தது. வன்மத்தின் வேரில் பணம் இருந்தது. இந்த மூன்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு “இதுதான் காரணம்” என்று அன்றே தீர்ப்புச் சொல்லியிருந்தால், மற்ற இரண்டும் மறைந்து போயிருக்கும். உண்மை வெளிவர 1961 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் நீதிபதி ரி.எஸ். பெர்னாண்டோ முன்னிலையில் நடந்த யூரி விசாரணை முடிந்து, மூவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்ட வேறு இருவர் விடுதலையானார்கள். மேன்முறையீட்டில் புத்தரக்கிதவினதும் ஜயவர்தனவினதும் தண்டனை ஆயுட்சிறையாகக் குறைந்தது. சோமராம 1962 ஜூலை 6ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார். தூக்குமேடை ஏறும் முன் அவர் கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்றிருந்தார். மதத்தின் பெயர் சொன்னவர் மதத்தையே மாற்றிக்கொண்டார் என்ற இந்த ஒரு விடயமே, சட்டென்று சூட்டப்படும் பெயர்கள் எவ்வளவு பலவீனமானவை என்பதைக் காட்டும்.

இங்கே வேறொன்றையும் நினைவூட்ட வேண்டும். கொலைகாரர் தனியாக வானத்திலிருந்து விழுவதில்லை. தமிழர் உரிமைகளில் ஒரு பகுதியையாவது ஏற்ற பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் 1957 ஜூலை 26ஆம் திகதி கைச்சாத்தானது. 1958 ஏப்ரல் 9ஆம் திகதி, அதே ரொஸ்மீட் பிளேஸ் வீட்டின் முன் பிக்குகள் வந்தமர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அன்றே பிரதமர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். தேர்தல் மேடைக்கு மதத்தை அழைத்து வந்தவர், அது தமது வாசலில் வந்து கட்டளையிட்டபோது மறுக்கும் வலுவை இழந்திருந்தார். கொலைக்குச் சட்டப்படி பொறுப்பானவர்கள் தீர்ப்பில் பெயர் சொல்லப்பட்டவர்கள் மட்டுமே. காவியுடைக்குக் கேள்வி கேட்க முடியாத அரசியல் அதிகாரத்தைக் கொடுத்த சூழலுக்கு அந்தக் காலத்துத் தலைவர்கள் பலர் பொறுப்பு. இந்த இரண்டு கணக்கையும் நாம் வேறுவேறாகவே வைக்க வேண்டும். சூழலைக் காட்டிக் கொலைகாரரை விடுவிக்கவும் கூடாது. கொலைகாரரைத் தண்டித்ததோடு சூழலை மறந்துவிடவும் கூடாது.

அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டு ஏறத்தாழ ஆறு வாரங்களில், தமிழருக்கு எதிரான 1958 மே கலவரம் மூண்டது. அதே பிரதமரின் வாழ்வில் நிகழ்ந்த இரண்டு வேளைகளை நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறோம்.

கலவரம் பொலனறுவைப் பக்கம் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. மே 26ஆம் திகதி வானொலியில் உரையாற்றிய பிரதமர், மட்டக்களப்புப் பகுதியில் நுவரெலியா முன்னாள் மேயர் டி.ஏ. செனவிரத்ன கொல்லப்பட்டதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். அந்தக் கொலை இனப்பகையால் நடந்ததா, சொந்தப் பகையால் நடந்ததா என்பது நிறுவப்பட்டிருக்கவில்லை. ஆனால் கேட்டவர்கள், தமிழர்கள்தான் தொடங்கினார்கள் என்று விளங்கிக்கொண்டார்கள். பாணந்துறையைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் மட்டக்களப்பில் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார் என்ற புரளியும் காலி வீதி நெடுகப் பரவியது. அப்படி ஓர் ஆசிரியையே இருக்கவில்லை. புரளி பொய்யென்று தெரியவர முன்பே பாணந்துறைக் கோயிலின் குருக்கள் எரித்துக் கொல்லப்பட்டிருந்தார். கொழும்புத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அகதி முகாம்களுக்குப் போய், அங்கிருந்து கப்பல் ஏறி யாழ்ப்பாணம் சேர்ந்தார்கள்.

பதினாறு மாதங்களின் பின் அதே மனிதர் குண்டடிபட்டு வைத்தியசாலையில் கிடந்தார். அங்கிருந்து மக்களுக்கு விடுத்த செய்தியில், பிக்குவின் உடையணிந்த அறிவீனமான ஒருவர் தம்மைச் சுட்டார் என்று சொன்னார். அவர்மீது இரக்கம் காட்டும்படியும், பழிவாங்க முயல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். பிக்குகள் அனைவரையும் அவர் குற்றஞ்சாட்டவில்லை. சுட்டவரையும் மற்ற பிக்குகளையும் வேறாக்கியே பேசினார். 1958இல் ஒரு கொலையைப் பற்றி ஆராயாமற் சொன்ன வார்த்தை ஓர் இனத்தின்மீது பாய்ந்தது. 1959இல் தம் சொந்தக் கொலையைப் பற்றி அளந்து சொன்ன வார்த்தை பழிவாங்கலுக்கு அணைபோட்டது. சுட்டவர் தமிழராக இருந்திருந்தால் அந்த வார்த்தை மட்டும் வெள்ளவத்தையைக் காத்திருக்குமா என்ற கேள்வி எங்களுக்கு உண்டு. அந்தக் கேள்வி இருப்பதால்தான் இந்த வேண்டுகோளை எழுதுகிறோம்.

அரசியல்வாதி ஒருவர் கொல்லப்படும் துயரம் கொட்டாஞ்சேனைக்கும் நன்றாகத் தெரிந்தது. 2008 ஜனவரி முதலாம் திகதி, புத்தாண்டு வழிபாட்டுக்குப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்கு வந்த நாடாளுமன்ற உறுப்பினர் தி. மகேஸ்வரன் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் முன்னாள் இந்து விவகார அமைச்சர். இடம் சிவாலயம். ஆனாலும் இதை மதக் கொலை என்று எவரும் சொல்லவில்லை. வரவு செலவுத் திட்டத்துக்கு எதிராக வாக்களித்த பின் அவருடைய பாதுகாப்புக் குறைக்கப்பட்டது என்று அவரது கட்சி குற்றஞ்சாட்டியது. இந்தக் கொலைக்காக 2012இல் ஒருவருக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில், மட்டக்களப்பு மரியாள் தேவாலயத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுடப்பட்டார். வழிபாட்டுக்கு வருபவர் ஆயுதமின்றி, குறித்த நேரத்தில், குடும்பத்தோடு வருவார் என்பது கொலைகாரர்களுக்குத் தெரியும். இடத்தைப் பார்த்து நோக்கத்தை முடிவுசெய்ய முடியாது என்பதற்கு இவையே சாட்சி.

தமிழ் இனத்துக்குள் நடந்ததையும் சொல்லாவிட்டால் இந்த வேண்டுகோளுக்கு நேர்மை இராது. 1975 ஜூலை 27ஆம் திகதி, பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வணங்கப் போன யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுடப்பட்டார். 1989 ஜூலை 13ஆம் திகதி தமிழ் அரசியல் தலைவர் அ. அமிர்தலிங்கம் கொழும்பில் கொல்லப்பட்டார். 1999 ஜூலை 29ஆம் திகதி, அதே ரொஸ்மீட் பிளேஸ் சந்திக்கருகே, தற்கொலைக் குண்டுதாரி ஒருவர் நாடாளுமன்ற உறுப்பினர் கலாநிதி நீலன் திருச்செல்வத்தைக் கொன்றார். இவற்றில் மதம் எங்கும் இல்லை. துரோகி என்ற பட்டமே போதுமானதாக இருந்தது. அந்தப் பட்டத்தைச் சூட்ட நீதிமன்றம் தேவைப்படவில்லை, சாட்சி தேவைப்படவில்லை, மறுப்புச் சொல்ல இடமும் இருக்கவில்லை. மதவெறி செய்யும் வேலை முழுவதையும் மதமில்லாத அரசியலும் செய்யும் என்பதை நம் கண் முன்னே கண்டோம்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. அது ஒரு தலைவரைக் குறிவைத்த கொலையல்ல. ஆனாலும் அதே விவாதம் எழுந்தது. மூன்று வாரங்களில் குளியாப்பிட்டியிலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன. முன்னெச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியவர்களின் பொறுப்பை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில்தான் தீர்மானித்து, முன்னாள் ஜனாதிபதி பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. கடை எரிப்பவர்களுக்கு மூன்று வாரம் போதுமானதாக இருந்தது. நீதிக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தேவைப்பட்டன.

வெளிநாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. 2022 ஜூலை 8ஆம் திகதி ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே தேர்தல் கூட்டத்தில் சுடப்பட்டபோது, அரசியல் எதிர்ப்பே காரணமென்று பலர் எண்ணினார்கள். விசாரணையில் வேறு கதை வெளிவந்தது. தன் தாயிடம் பெருந்தொகைப் பணம் கறந்து குடும்பத்தை வறுமையில் தள்ளிய ஒரு மதச் சபையின்மீது கொலையாளிக்கு வன்மம் இருந்தது. அபே அந்தச் சபைக்கு வேண்டியவர் என்று அவர் நம்பினார். அந்த உண்மை வெளிவந்ததால், ஏமாற்றி நன்கொடை பெறுவதைத் தடுக்கும் சட்டத்தை அந்த ஆண்டிலேயே ஜப்பான் இயற்றியது. பொறுமையாகத் தேடிய காரணம் நாட்டுக்குப் பயன்பட்டது.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

சக குடிமக்களிடம்: ஒரு தலைவர் கொல்லப்பட்ட செய்தி வந்தால், கொலையாளியின் இனத்தையும் மதத்தையும் சொல்லும் எந்தத் தகவலையும் வாட்ஸ்அப்பில் மற்றவருக்கு அனுப்ப வேண்டாம். சுட்டவர் யார், அனுப்பியவர் யார், பயனடைந்தவர் யார், பாதுகாப்பைத் தளர்த்தியவர் யார் என்ற நான்கு கேள்விகளையும் கேளுங்கள். அயலில் சிறுபான்மையாக வாழும் குடும்பத்தின் கதவை அன்றிரவே போய்த் தட்டி, “நாங்கள் இருக்கிறோம்” என்று சொல்லுங்கள்.

ஊடகங்களிடம்: நீதிமன்றம் நோக்கத்தை ஆராய முன் தலைப்பில் அதை எழுத வேண்டாம். கொலைச் செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவில், தீர்ப்பையும் வெளியிடுங்கள். தமிழ்ப் பத்திரிகை எழுதுவதும் சிங்களப் பத்திரிகை எழுதுவதும் ஒரே உண்மையாக இருக்கட்டும்.

மதத் தலைவர்களிடம்: உங்கள் உடையணிந்தவர், உங்கள் பள்ளியில் தொழுதவர், உங்கள் கோயிலில் வணங்கியவர் குற்றஞ்சாட்டப்பட்டால், விசாரணைக்கு ஒத்துழைக்கும் முதற்குரல் உங்களுடையதாக இருக்க வேண்டும். உங்கள் மேடைகளை வாக்குக் கேட்பவர்களுக்குக் கொடுக்க வேண்டாம்.

அரசியல் தலைவர்களிடம்: எவரையும் துரோகி என்றோ மதத்தின் எதிரி என்றோ அழைக்க வேண்டாம். கருத்தை எதிருங்கள், ஆளைக் குறிவைத்துக் காட்டாதீர்கள். வாக்களித்த விதத்தைப் பார்த்து எந்த உறுப்பினரின் பாதுகாப்பும் கூடவோ குறையவோ கூடாது.

அரசாங்கத்திடமும் சட்டமா அதிபரிடமும்: 2006 நவம்பர் 10ஆம் திகதி நாரஹேன்பிட்டியில் கொல்லப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜின் வழக்கில் 2016இல் அனைவரும் விடுதலையானார்கள். பரராஜசிங்கம் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 2021 ஜனவரியில் விடுவிக்கப்பட்டார்கள். அந்த விடுதலைகளோடு இரண்டு கொலைகளுக்கும் பதில் சொல்ல ஒருவரும் இல்லாமற் போனார்கள். தீர்ப்பில்லாத இடத்தை ஊகம் பிடித்துக்கொள்கிறது; ஊகம் முற்றினால் அடுத்த கலவரமாகிறது. இந்த விசாரணைகளை மீண்டும் திறந்து முடித்துவையுங்கள்.

ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும்: ஒவ்வொரு செப்டெம்பர் 25ஆம் திகதியும், 1958 வானொலி உரையையும் 1959 வைத்தியசாலைச் செய்தியையும் பிள்ளைகளுக்கு ஒன்றாகச் சொல்லிக்கொடுங்கள். தமிழ்ப் பாடசாலையும் சிங்களப் பாடசாலையும் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. அதற்கு இடமும் ஆளும் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

கொலைக்கு மதம் காரணமா, அரசியல் காரணமா என்று விவாதியுங்கள். சான்றை வைத்து, பொறுமையாக, முடிவு வரும்வரை விவாதியுங்கள். அந்த விவாதம் நடக்கும் காலத்தில் குற்றமற்ற ஒருவரும் வீட்டை விட்டு ஓடக்கூடாது, குற்றம் செய்த ஒருவரும் தப்பக்கூடாது. இந்த இரண்டுக்கும் பொறுப்பேற்குமாறு உங்கள் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வாழ் குடிமக்கள் சிலர்
கொழும்பு