சிவப்பு மூக்கு

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வீட்டு வாசலில் காரை நிறுத்தி பானட்டைத் திறந்தான். ஏதோ ரிப்பேர் என்று எட்டிப் பார்த்தேன். ரிப்பேர் இல்லை, அலங்காரம். எஞ்சினுக்குக் காற்று போகிற பாதையில் கம்பெனி வைத்திருந்த கறுப்பு பிளாஸ்டிக் குழாயைக் கழற்றிவிட்டு, ரத்தச் சிவப்பில் பெயிண்ட் அடித்த அலுமினியக் குழாய் மாட்டியிருக்கிறான். சென்னையிலிருந்து வரவழைத்ததாம். 6,500 ரூபாய்.

“கறுப்பு சூட்டை இழுக்கும் மாமா. சிவப்புன்னா காத்து கூலா உள்ள போகும். பிக்கப் ஜாஸ்தி.”

விலையைக் கேட்டதும் சூடு எனக்குத்தான் ஏறியது. இந்த விஷயத்தில் எனக்கு வாய் நீளம்.

கறுப்பு சூட்டை இழுக்கும் என்பது வெயிலில் கிடக்கிற பொருளுக்கு. மொட்டை மாடியில் வெள்ளை அடிப்பதில் நியாயம் உண்டு. பானட்டுக்கு அடியில் வெயில் ஏது? அங்கே குழாயைச் சுடுவது எஞ்சினையும் ரேடியேட்டரையும் தடவி வருகிற அனல்காற்று. மிச்சம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அந்தக் கதிருக்குச் சிவப்புப் பெயிண்டும் கறுப்புப் பெயிண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பெயிண்டே படாத பளபளப்பான உலோகம்தான் அதைத் திருப்பி அனுப்பும். மருமகன் காசு கொடுத்து அந்தப் பளபளப்பின் மேல் பூச்சை வாங்கியிருக்கிறான். போதாததற்கு, பிளாஸ்டிக்கை விட அலுமினியம் எவ்வளவு சீக்கிரம் சுடும் என்பது சோற்றுப் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கிய எவருக்கும் தெரியும்.

அவன் வண்டி 1,200 சிசி. 3,000 சுற்றில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் விநாடிக்கு 30 லிட்டர் காற்று குடிக்கும். குழாயின் கொள்ளளவு இரண்டு லிட்டர் இருந்தால் அதிகம். ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் அதற்குள் இருந்துவிட்டு வெளியேறுகிற காற்று, குழாய் என்ன நிறம் என்று விசாரிக்கவா போகிறது?

“ஃபெராரில செவப்பு அடிச்சிருக்கானே?” என்றான். அடித்திருக்கிறார்கள்தான். டெஸ்டரோஸா என்றால் இத்தாலிய மொழியில் சிவப்புத் தலை. எஞ்சினின் தலைமூடிக்குச் சிவப்பு அடித்ததால் வந்த பெயர். வண்டி ஓடியது மூடிக்குக் கீழே இருந்த சாமான்களால்.

எஞ்சினுக்கு வேண்டியது குளிர்ந்த, அடர்த்தியான காற்று. பத்து டிகிரி சூடு ஏறினால் காற்று சுமார் 3 சதவீதம் மெலியும். திருமலைக்கு வண்டி ஓட்டிப் போனவர்களுக்கு இன்னொரு கணக்கு: அந்த உயரத்தில், கடல் மட்டத்தை விட 8 சதவீதம் போலக் காற்று குறைவு. டர்போ இல்லாத என் வண்டி கடைசி வளைவுகளில் முனகுவது பக்தியால் அல்ல. ஆகவே குழாய் எங்கிருந்து காற்றை உறிஞ்சுகிறது என்று பாருங்கள். முன் கிரில்லுக்குப் பின்னாலிருந்து என்றால் நல்லது. மருமகனுடைய புதுக்குழாய் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது.

ஆந்திர எல்லையோர நகரியில் எனக்கு வழக்கமான மெக்கானிக் இந்தக் குழாய் வாய்க்கு வைத்திருக்கும் பெயர் மூக்கு. “மூக்கு எங்க இருக்குன்னு பாருங்க சார், என்ன கலர்னு பாக்காதீங்க.”

மூக்கு என்றதும் எனக்கு வேறு மூக்கு ஞாபகம் வந்துவிட்டது. நகரி மூக்கு. மல்லாந்து படுத்தவனின் மூக்கு போல வானத்தில் துருத்திக்கொண்டிருக்கிற எங்கள் மலை முனை. உயரம் 2,800 அடிக்குச் சற்று மேல். வெள்ளைக்காரன் காலத்துக் கெசட்டியரில் இதற்கு மரியாதையான இடம் உண்டு: சென்னைக்கு வந்த கப்பல்காரர்கள் கடலிலிருந்தே இந்த மூக்கைப் பார்த்து அடையாளம் பிடித்தார்கள். கடலுக்கும் இதற்கும் நடுவே எழுபது எண்பது கிலோமீட்டர் தரை கிடக்கிறது.

அப்பா நகரியில் தறி போட்டிருந்த காலத்தில், பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போடுவதற்கு முன் வாசலில் நின்று மூக்கைத்தான் பார்ப்பார். மூக்கு வெளுத்து, தள்ளிப் போன மாதிரி இருந்தால் வேலையை ஆரம்பிக்கலாம். கருநீலமாக, கைக்கெட்டுகிற தூரத்துக்கு வந்துவிட்ட மாதிரி தெரிந்தால் அன்றைக்குப் பாவு வெளியே வராது. “பக்கத்துல வந்துட்டான், மழைடா” என்பார். எனக்குத் தெரிந்து எங்கள் பாவு ஒரே ஒரு தடவை நனைந்தது. அன்றைக்கு அவர் ஊரில் இல்லை, பார்த்தவன் நான். மலை நீலமே இல்லை, நமக்கும் அதற்கும் நடுவிலிருக்கிற காற்றுதான் நீலம் என்பதெல்லாம் பின்னாளில் படித்தது. அப்பா பார்த்தது காற்றின் நிறத்தை.

இப்போது மூக்கைப் பார்க்க முடிகிறதா? நடுவில் லாரிப் புழுதி. டிப்பர் லாரிகளைப் பற்றி இனி எழுதமாட்டேன் என்று பொங்கலுக்குச் சத்தியம் செய்திருந்தேன். மீறுகிறேன். தார்ப்பாய் போடாமல் ஜல்லியும் கிரஷர் மாவும் ஏற்றிக்கொண்டு விடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒரு லாரி போனால் புழுதி அடங்க ஐந்து நிமிஷம், அதற்குள் அடுத்தது. கொடியில் காய்கிற வேட்டி, திண்ணை, புளியமரத்து இலை எல்லாம் ஒரே சாம்பல். தார்ப்பாய் இருக்கிறது, அழகாகச் சுருட்டி கேபின் மேல் கட்டி வைத்திருக்கிறான். அவிழ்க்கத்தான் கை வராது. நிறுத்திக் கேட்டால் “ஓனர்னி அடுகு சார்” என்று தெலுங்கில் ஒருவன், “செக்போஸ்ட்ல மூடிக்குவோம்” என்று தமிழில் இன்னொருவன். எல்லையோரத்தில் இரண்டு மொழியிலும் ஏமாறுகிற பாக்கியம் நமக்கு.

மருமகன் வண்டிக்கு வருவோம். அதன் ஏர் பில்டரைக் கழற்றச் சொன்னேன். அதுவும் சிவப்புதான், ஆனால் அந்தச் சிவப்பில் நேர்மை உண்டு. எண்ணெய் எங்கே படவில்லை என்று தெரிவதற்காக எண்ணெயிலேயே சாயம் கலந்திருப்பார்கள். மாட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மடிப்புக்கு மடிப்பு விரல் நகத்தால் சுரண்டலாம் போலச் சாம்பல் மாவு. சிவப்பைத் தேட வேண்டியிருந்தது. மூச்சு முட்டுகிற இடம் இதுதான் என்று காட்டினேன்.

“அங்கே பார்” என்று மூக்கு இருக்க வேண்டிய திசையில் கையை நீட்டினேன்.

“எங்க மாமா?”

வெள்ளையாக ஒரு மங்கல்தான் இருந்தது. நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு டிப்பர் போனது. மருமகன் அவசரமாகப் பில்டரை அப்படியே திரும்ப மாட்டிவிட்டு, கைக்குட்டையை எடுத்தான். சிவப்புக் குழாயைப் பளபளவென்று துடைத்து பானட்டை மூடினான்.