கல்லுக்கு என்ன குறை?

நம் இலக்கியக் கூட்டங்களில் அடுக்களைக்கு எப்போதும் ஓர் இடமுண்டு. புகையாக, கண்ணீராக, சிறையாக, அல்லது பாட்டியின் கைமணமாக அது வந்து போகும். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' 1988இல் தொகுப்பாக வந்த பிறகு, வீட்டில் சமையலறை எங்கே இருக்கிறது என்பதே அரசியல் கேள்வி என்று நாமனைவரும் ஒப்புக்கொண்டோம். ஒப்புக்கொண்டதோடு சரி. அந்தச் சமையலறையின் மேடை எத்தனை அங்குல உயரம், அலமாரிக் கதவு எந்தப் பலகையால் ஆனது, அதற்கு யார் யாரிடம் எவ்வளவு கொடுத்தார்கள் என்று நம்மில் எவரும் கேட்டதாக நினைவில்லை. அது வணிகச் சமாசாரம், நமக்கு ஆகாது என்று ஒதுங்கிவிடுகிறோம். கீரைக்காரம்மாவிடம் இரண்டு ரூபாய்க்கு வாதாடும் நாம், இரண்டு லட்ச ரூபாய் விலைப்புள்ளியை வரி வரியாகப் படிக்கச் சோம்புகிறோம். வாசிப்பையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது அழகா?

இதை எழுத நேர்ந்தது எங்கள் வீட்டு அனுபவத்தால். திருச்சியில் 2006இல் கட்டிய வீடு. அக்கால வழக்கப்படி, சமையல் மேடைக்குக் கீழே கடப்பாக் கற்களைக் குத்துக்கல்லாக நிறுத்தி, நடுவே தட்டுக் கற்கள் பொருத்தி, முன்னால் பலகைக் கதவுகள் மாட்டியிருந்தார்கள். பதினெட்டு ஆண்டுகளில் கதவுகள் உப்பிப்போயின. சிங்குக்குக் கீழே இருந்த கதவைத் தொட்டால் தூளாகக் கொட்டியது. மாற்றுவதென்று முடிவு செய்து மூன்று கடைகளில் விலைப்புள்ளி கேட்டோம். வந்த மூன்று தாள்களும் மூன்று மொழிகளில் எழுதப்பட்டிருந்தன என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் கடை சதுர அடிக்கு 1,450 ரூபாய் என்றது. இரண்டாவது கடை ரன்னிங் அடிக் கணக்கு: கீழ் அலமாரிக்கு 7,500, மேல் அலமாரிக்கு 4,500. மூன்றாவது கடைத் தாளில் அளவு என்ற பேச்சே இல்லை; 'பிரீமியம் பேக்கேஜ்' என்ற தலைப்பும் 1,65,000 என்ற தொகையும்தான் இருந்தன. 1,450 எங்கே, 7,500 எங்கே! முதல் கடைக்கே முன்பணம் கொடுத்துவிடலாம் என்று ஒரு மாலைப்பொழுது முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தோம். இந்த மயக்கத்தை மறைப்பதற்கில்லை.

மறுநாள் அளவுநாடாவும் பென்சிலுமாக உட்கார்ந்தோம். சதுர அடி என்றால் பலகையின் சதுர அடி என்று நாம் நினைப்போம். இத்தொழிலில் அது முகப்பின் சதுர அடி; அதாவது எதிரில் நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் அகலமும் உயரமும் மட்டும். முகப்புக்குப் பின்னால் பெட்டி எத்தனை மில்லிமீட்டர் பலகை, முதுகுப் பலகை உண்டா இல்லையா, உள்ளே எத்தனை தட்டு என்பவையெல்லாம் அந்த எண்ணுக்கு வெளியே நிற்கின்றன. எங்கள் மேடை 'எல்' வடிவம்: ஒரு சுவரில் 9 அடி, மறு சுவரில் 7 அடி. இரண்டையும் கூட்டி 16 அடி என்று போட்டிருந்தார்கள். மூலையிலுள்ள இரண்டடிச் சதுரம் இரு சுவருக்கும் பொது. ஒருமுறை எண்ணினால் 14 அடிதான். உயரம் 2.75 அடி என்பதில் தரையிலிருந்து நான்கு அங்குலம் வெறும் அடிப்பட்டை, அங்கே அலமாரியே கிடையாது. ஆக, கீழே 44, மேலே 20, மொத்தம் 64 சதுர அடிக்கு 92,800 ரூபாய். இழுப்பறைகளும் கம்பிக் கூடைகளும் 58,000. ஏற்றிவந்து பொருத்த 9,200. ஜிஎஸ்டி 18 விழுக்காடு தனி. கூட்டினால் 1,88,800. இரண்டாவது கடையின் கணக்கு வரியோடு 1,77,000. மலிவென்று நாங்கள் மயங்கியதுதான் மூன்றிலும் அதிகம்.

அப்போதும் இது ஒப்பீடாகாது. பலகை வேறு, பொருள்களின் எண்ணிக்கை வேறு. சுவடிப் பதிப்பில் பாடபேதம் பார்க்கும்போது எல்லாச் சுவடியிலும் ஒரே செய்யுளை எடுத்து வைத்துத்தானே ஒப்பிடுகிறோம்? ஒரு சுவடியில் காப்புச் செய்யுளையும் மற்றொன்றில் நூற்பயனையும் எடுத்து வைத்துக்கொண்டு எது நல்ல பாடம் என்று கேட்டால் மாணவனே சிரிப்பான். ஆகவே நாங்களே ஒரு படம் வரைந்தோம். எல்லாப் பெட்டியும் 18 மில்லிமீட்டர் கடல்சார் ஒட்டுப்பலகை, ஆறு இழுப்பறை, கம்பிக் கூடைகள் 304 எஃகு, மெதுவாக மூடும் கீல்கள் இத்தனை, வரியும் கூலியும் உட்பட ஒரே தொகை. இதை மூவருக்கும் அனுப்பினோம். 'பேக்கேஜ்' கடையிலிருந்து பதிலே வரவில்லை. இரண்டாவது கடை 2,05,000 என்றது. சதுர அடிக்கு 1,450 என்று தொடங்கியவர் 2,64,000இல் வந்து நின்றார்.

இப்படித் தனித்தனி அலகுகளில் விலை சொல்வது தற்செயல் என்று நாம் நம்பத் தயாரில்லை. அரிசிக் கடைக்காரர் ஒருவர் படியிலும் இன்னொருவர் முழத்திலும் விலை சொன்னால் ஊர் கேட்டுக்கொண்டிருக்குமா? ஒப்பிட முடியாமல் இருப்பது விற்பவருக்கு வசதி. வாங்குபவர் வேறு வழியின்றி எதை ஒப்பிட முடியுமோ அதை ஒப்பிடுகிறார்: கதவின் நிறம், பளபளப்பு, கடையின் குளிர்ச்சி.

சொற்களின் கதை இன்னும் மோசம். 'வாட்டர் புரூஃப்', 'மெரைன் தரம்', 'இம்போர்ட்டட்' என்று விற்பனையாளர் சொல்லும் எதற்கும் தாளில் பொருள் இல்லை. பொருள் இருப்பது எண்ணுக்கு. கடல்சார் ஒட்டுப்பலகைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 710. அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் விடாமல் பிடித்திருக்க வேண்டும். பொதுப்பயன் ஒட்டுப்பலகைக்கு ஐஎஸ் 303. கடையில் 'கமர்ஷியல்' என்று சொல்லி விற்கும் எம்.ஆர். பலகை ஈரப்பதத்தைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. இந்த இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டை எம்.ஏ. தமிழ் வகுப்பில் ஒரு மணி நேரம் நடத்தலாம். சிங்குக்குக் கீழே அது ஒரே மழைக்காலத்தில் விளங்கிவிடும். மரத்துகள் பலகையோ விளிம்பில் நீர் இறங்கினால் உப்பும், பின் பழைய கனத்துக்குத் திரும்பாது, திருகாணியின் பிடியும் போய்விடும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் புகுந்த சென்னை வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எஃகிலும் இதே விளையாட்டுதான். 304இல் நிக்கல் ஏறத்தாழ 8 விழுக்காடு. 202இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். இரண்டும் கடையில் ஒன்றுபோல் மின்னும். 'எஸ்.எஸ்.' என்ற இரண்டெழுத்து இரண்டையும் மூடி மறைக்கும். பலகையில் ஐஎஸ்ஐ முத்திரையும் அதன் கீழே உரிம எண்ணும் இருக்கும். அந்த எண் மெய்யா என்பதை பிஐஎஸ் கேர் செயலியில் பார்த்துவிடலாம். நாங்கள் கேட்டபோது முதல் கடையில் அவ்வெண்ணைக் காட்ட ஒருவரும் முன்வரவில்லை. பதிலாகப் பத்தாண்டு உத்தரவாதப் பத்திரம் ஒன்றை நீட்டினார்கள். அதன் ஏழாவது விதி: நீரால் ஏற்படும் சேதத்துக்கு உத்தரவாதம் பொருந்தாது. சமையலறை அலமாரி வேறு எதனால்தான் கெடும்?

'மாடுலர் கிச்சன்' என்று இன்று நம்மிடம் விற்கப்படுவதன் முன்னோடியை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். ஏறத்தாழ 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், ஏறக்குறைய பத்தாயிரம் வீடுகளில் பொருத்தப்பட்டது. உழைக்கும் பெண்ணின் அலைச்சலைக் குறைப்பதற்காக அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையே எத்தனை எட்டு என்று கணக்கிட்டார். மாவு வைக்கும் இழுப்பறையைப் புழு அணுகக் கூடாதென்று ஓக் மரத்தில் செய்வித்தார். எதை எங்கே வைக்கப்போகிறோம், அதற்கு எந்தப் பொருள் தகும் என்ற சிந்தனையிலிருந்துதான் அந்த அலமாரி பிறந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த வடிவமைப்பாளரோ எங்கள் இருவரில் பெண்ணிடம் நிறத்தையும் ஆணிடம் பட்ஜெட்டையும் கேட்டார். நாள்தோறும் அங்கே அதிக நேரம் நிற்பவர் அம்மா. அவருடைய உயரம் ஐந்தடிக்கும் குறைவு. அவருக்கு மேல் தட்டு எட்டுமா என்று வடிவமைப்பாளர் கேட்கவில்லை. வெட்கத்தோடு சொல்கிறோம், அன்றைக்கு நாங்களும் கேட்கவில்லை.

கடை என்றாலே மோசம், ஆசாரி என்றாலே சத்தியம் என்று பாடவும் நாம் வரவில்லை. நாலாவதாக ஓர் ஆசாரியையும் அழைத்தோம். அவர் பள்ளி நோட்டுத் தாளில் பலகை இத்தனை, மைக்கா இத்தனை, கீல் இத்தனை, கூலி இவ்வளவு என்று வரிசையாக எழுதிக் கொடுத்தார், கடைசியில் 1,46,000. எங்களுக்கு வந்தவற்றில் படித்தவுடன் பொருள் விளங்கிய ஒரே தாள் அது. ஆனால் பலகைக் கடைகள் ஆசாரிகளுக்குக் கழிவு தருவது ஊரறிந்த செய்தி. எந்தக் கடையில் வாங்கச் சொல்கிறார் என்பதில் நாம் கண் வைத்திருக்கத்தான் வேண்டும். விளிம்புப் பட்டையை இயந்திரத்தில் ஒட்டும் நேர்த்தி கையால் வராது. கையால் ஒட்டியது அடுப்பு வெக்கையில் சீக்கிரம் வாய் திறக்கும். மூன்று வாரம் வீட்டுக்குள் மரத்தூள். பத்து நாள் என்று சொன்ன வேலை பத்து நாளில் முடியாது. இத்தனையும் உண்மை. இருந்தாலும் அவருடைய தாளோடு நாம் வாதாட முடிந்தது. ஒரு வரியை அடித்து வேறு வரி எழுதச் சொல்ல முடிந்தது. 'பேக்கேஜ்' என்ற சொல்லோடு எப்படி வாதாடுவது?

நேரமில்லாதவர்களுக்கு ஒட்டுமொத்த ஏற்பாடுதான் வசதி என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் பலகைக் கடைக்கும் கீல் கடைக்கும் அலைவது எளிதல்ல. அந்த வசதிக்கு ஒரு விலை வைக்கட்டும், நாமும் கொடுப்போம். அவ்விலை இன்னதென்று தாளில் தெரிய வேண்டும் என்பதே நம் வழக்கு.

இவ்வளவு ஆராய்ச்சிக்கும் நடுவே எங்கள் கண்ணுக்குப் படாமல் போன ஒன்றை அம்மாதான் சொன்னார். விலைப்புள்ளிகளை விரித்து வைத்துக்கொண்டு நாங்கள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தபோது கேட்டார்: "கதவுதானே உளுத்துப்போச்சு? கல்லுக்கு என்ன குறை? அது பாட்டுக்கு நிக்குது."

மூன்று கடைக்காரர்களும் கடப்பாக் கல்லை உடைத்துவிட வேண்டும் என்றே சொல்லியிருந்தனர். "கல்லு இருந்தா ஃபினிஷிங் வராது சார்" என்பது காரணம். கல் நின்றால் அவர்கள் விற்கக்கூடியது கதவு மட்டும். உடைத்தால் பெட்டி முழுவதும். உடைப்புக் கூலி வேறு. அந்தக் கற்களின் மேல்தான் கிரானைட் மேடை உட்கார்ந்திருக்கிறது, தட்டும்போது அது விரிசல் கண்டால் யார் பொறுப்பு என்று கேட்டால் பதிலில்லை. கரையான் அரிக்காத, நீரில் உப்பாத, பதினெட்டு ஆண்டு நின்ற ஒரு பெட்டியைக் காசு கொடுத்து உடைத்து, நீருக்கு உத்தரவாதமில்லாத பெட்டியை அதே இடத்தில் வைக்க நாங்கள் கிட்டத்தட்டத் துணிந்துவிட்டோம். உள்ளதை அப்படியே விடுதல் என்ற தேர்வு எந்த விலைப்புள்ளியிலும் ஒரு வரியாகக்கூட வரவில்லை. வரவும் வராது, அதற்கு யாரும் பில் போட முடியாது.

கல்லிலும் குறை உண்டு. குத்துக்கற்கள் ஒன்றுக்கொன்று நேராக நிற்பதில்லை. கீல் மாட்ட முன்னால் ஒரு சட்டம் அடிக்க வேண்டும்; இழுப்பறையின் சேனலைக் கல்லில் நேரே பொருத்த முடியாது. ஆகவே இரண்டே அறைகளில் பலகைப் பெட்டி செருகி இழுப்பறை வைத்தோம். மற்றவற்றுக்கு 710 முத்திரையிட்ட பலகையில் சட்டமும் கதவும். மேல் அலமாரிகளை மேடையிலிருந்து ஒன்றரை அடிக்கு இறக்கி, அம்மாவை நிற்கவைத்துக் கை எட்டுகிறதா என்று பார்த்த பிறகே ஆசாரி சுவரில் துளையிட்டார். பத்து நாள் என்றவர் பத்தொன்பது நாள் எடுத்துக்கொண்டார். எல்லாம் சேர்ந்து 88,000 ஆயிற்று.

சிங்குக்குக் கீழே மட்டும் கதவு போடவில்லை. பார்க்க வருகிறவர்கள் வேலை இன்னும் முடியவில்லையா என்று கேட்கிறார்கள். குழாய் கசிந்தால் அன்றைக்கே கண்ணில் படட்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்.