கணினி முடங்கினாலும் கரன்ட் வர வேண்டும்

கதிர் வரும் நேரத்தில் மோட்டார் ஓடாவிட்டால் என்ன நடக்கும் என்பது விவசாயிகளுக்குத் தெரியும். காற்று, மழை, பழுது ஆகியவற்றோடு மின்தடைக்கு இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்துள்ளது. அது இணையத் தாக்குதல்.

2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின் விநியோக நிறுவனங்களின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், துணைமின் நிலைய பிரேக்கர்களை இருந்த இடத்திலிருந்தே ஆஃப் செய்தனர். சுமார் 2.25 லட்சம் இணைப்புகள் இருண்டன. மின்னஞ்சலில் வந்த கோப்பை ஊழியர்கள் திறந்ததுதான் அவர்களுக்கு வழிவிட்டது. ஆனாலும் சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது. ஊழியர்கள் துணைமின் நிலையங்களுக்கு நேரில் போய், பிரேக்கர்களைக் கையால் ஆன் செய்தார்கள்.

நமக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் மால்வேர் புகுந்ததை 2019-ல் இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் கணினிகள் தனியாக இருந்ததால் பாதிப்பில்லை என்றும் கூறியது.

ஸ்மார்ட் மீட்டர் வரட்டும், தொலைவிலிருந்து இயக்கும் வசதியும் வரட்டும். ஆனால் கையால் இயக்கும் ஏற்பாட்டையும், அது தெரிந்த களப்பணியாளர்களையும் மின்வாரியம் கைவிடக் கூடாது. வயர்மேன் காலியிடங்களை நிரப்புவதும் பாதுகாப்புச் செலவுதான்.

நம் பங்கும் உண்டு. செல்போனில் மோட்டாரை இயக்குவோர், கருவியோடு வந்த பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள். ஸ்டார்ட்டர் பொத்தான் கையால் அழுத்தினாலும் வேலை செய்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். 'இன்றிரவு வீட்டு மின் இணைப்பு துண்டிக்கப்படும்' என்று குறுஞ்செய்தி வந்தால், அதிலுள்ள எண்ணையோ லிங்கையோ தொடாமல் பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள். உக்ரைனிலும் ஒரு கோப்பைத் திறந்ததில்தான் எல்லாம் தொடங்கியது.