தொலைபேசி வழியே ஒரு வழிப்பறி

வாசலில் கூவி விற்பவரிடம் நாலு கேள்வி கேட்கிறோம். பொருளைப் புரட்டிப் பார்க்கிறோம். பேரம் பேசுகிறோம். ஆனால் முகம் தெரியாத ஒருவர் தொலைபேசியில் பேசினால் மட்டும் நம்பி விடுகிறோம். இந்த நம்பிக்கைதான் இன்று பலருக்கு மூலதனமாகி விட்டது.

"உங்கள் பழைய பாலிசிக்கு போனஸ் வந்திருக்கிறது. அதைப் பெற வேண்டுமானால் புதிய பாலிசி ஒன்று எடுங்கள்" என்று இனிக்க இனிக்கப் பேசுகிறார்கள். வளைகுடாவில் வியர்வை சிந்திச் சம்பாதித்து கணவர் அனுப்பிய பணமும், முதியவர்களின் கடைசிக் கையிருப்பும் பறிபோகின்றன. பாலிசி விற்பதோ போனஸ் அறிவிப்பதோ தன் வேலையல்ல என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எச்சரித்து வருகிறது. அந்த ஆணையத்தின் பெயரைச் சொல்லியே மோசடி நடப்பதுதான் வேதனை!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பில் தர மறுப்பதும், நம்பிக் கொடுத்த சொந்த விவரங்களைப் பிறருக்குக் கொடுப்பதும் இச்சட்டப்படி நியாயமற்ற வணிக முறையே. வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அப்படியிருந்தும் ஏமாற்றுவோர் தப்பிப்பது எப்படி? தொலைபேசியில் சொன்ன பொய்க்குச் சாட்சி இல்லை. வாயால் சொன்னது ஒன்று, பின்னர் தபாலில் வரும் தாளில் இருப்பது வேறொன்று. ஏமாந்தவர்தான் அதை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இது என்ன நியாயம்?

காப்பீட்டுப் பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் வேண்டாமென்று திருப்பித் தரும் உரிமை 2024 முதல் உள்ளது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் தொலைபேசி மூலம் வாங்கிய பெரும்பாலான பொருட்களை 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். இந்த உரிமை நம் நாட்டில் எல்லாத் தொலைபேசி விற்பனைக்கும் ஏன் கூடாது? வாங்குபவர் எழுத்தில் சம்மதிக்காத வரை எந்தத் தொலைபேசி விற்பனையும் செல்லாது என்று மத்திய அரசு சட்டம் கொண்டு வர வேண்டும். பேச்சைப் பதிவு செய்து, கேட்கும்போது ஒப்படைக்கும் பொறுப்பையும் விற்பவர் மீதே சுமத்த வேண்டும்.

சட்டம் வரும் வரை சும்மா இருக்க முடியாது. "எழுத்தில் அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்" என்ற ஒரு வார்த்தையை நம் வீட்டுப் பெண்களும் பெரியவர்களும் பழகிக் கொள்ளட்டும். நேர்மையான வணிகர் அனுப்புவார். மோசடிக்காரர் அவசரப்படுத்துவார். விளம்பர அழைப்புகள் வேண்டாமென்று 1909இல் பதிவு செய்யலாம். பொருள், சேவை பற்றிய குறைகளுக்கு 1915. பணம் பறிபோனால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930.

ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மறைப்பதே ஏமாற்றுபவர்களுக்குப் பாதுகாப்பு. ஊர்தோறும் படித்த இளைஞர்கள் முன்வந்து இவர்களுக்குப் புகார் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு தாள், ஒரு பேனா, அரை மணி நேரம் போதும். வெட்கப்பட வேண்டியவர் ஏமாற்றியவர்தான், ஏமாந்தவர் அல்ல!