கடலும் நமக்குரியதே



பொத்துவிலுக்குத் தெற்கே பாலத்தைக் கடந்தால் அறுகம்பை. ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை, அங்குள்ள நீண்ட அலைகளில் பலகையேறிச் சறுக்குவதற்கு வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் வந்து குவிவார்கள். நம் பெண்களோ நெடுங்காலம் மணலில் நின்று பார்த்தவர்கள்.

2004 டிசம்பர் 26 இல் சுனாமி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. இறந்தோரில் பெண்களே அதிகம். நீந்தத் தெரியாமை, காலைச் சுற்றிய சேலை, கையில் இருந்த குழந்தை என்று காரணங்கள் சொல்லப்பட்டன.

அதே கரையில் 2018 இல் உள்ளூர்ப் பெண்கள் தமக்கென அலைச்சறுக்குக் கழகம் ஒன்றைத் தொடங்கினார்கள். பெண்களுக்கென இலங்கையில் உருவான முதற் கழகம் அது.

உறவுகளைக் கடலுக்குப் பறிகொடுத்தவர் அதைப் பார்க்கவே அஞ்சுவது இயல்பு. அவரை வற்புறுத்த வேண்டாம். நாலைந்து பேராகச் சேர்ந்து சென்று, மாலையில் மணலில் சற்று இருந்து வந்தாலே போதும்.

நீரில் இறங்குவதானால் முதலில் மீனவரிடம் நீரோட்டம் பற்றிக் கேளுங்கள். கடல் உள்ளே இழுத்தால் எதிர்த்து நீந்தாதீர்கள். கரைக்குச் சமாந்தரமாக நீந்தி, இழுவை குறைந்ததும் கரைக்குத் திரும்புங்கள்.

பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குங்கள். சீதனத்துக்குச் சிறுகச் சிறுகச் சேர்க்கும் நாம், இதற்கும் கொஞ்சம் ஒதுக்கலாமே!