கழற்றிய நட்டை மீண்டும் பூட்டலாமா?

வீட்டுக் கொட்டகையில் ஒருவர் தம் கையாலேயே ஆகாய விமானம் ஒன்றைக் கட்டி முடித்து, அரசாங்கத்தின் பரிசோதனையும் அனுமதியும் பெற்று, தாமே அதில் ஏறிப் பறக்கலாம் என்னும் சுதந்திரத்தை அமெரிக்கச் சட்டம் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. வேலையின் பெரும்பகுதியைக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுபவரே செய்திருக்க வேண்டும் என்பது அதற்குரிய முக்கிய நிபந்தனை. ஆரிகன் மாநிலத்தில் 1973-இல் தோன்றிய வான்ஸ் நிறுவனம் முதலியவை அனுப்பும் பாகங்களைக் கொண்டு ஆயிரக்கணக்கான விமானங்கள் இவ்வாறு உருவாகிப் பறந்துகொண்டிருக்கின்றன. இந்தச் சுதந்திரம் போற்றத்தக்கது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதை அனுபவிப்போர் தாமாகவே ஏற்க வேண்டிய விரதம் ஒன்று உண்டு: விமானத்தின் போக்கை ஆளும் கட்டுப்பாட்டு உறுப்புகளில், ஒருமுறை இறுக்கிக் கழற்றிய நைலாக் நட்டை மறுபடியும் பூட்டலாகாது.

நைலாக் நட்டு என்பது நம் பட்டறைக்காரர்களும் நன்கு அறிந்த பொருள். அதன் தலைப்புறத்தில், போல்ட்டின் பருமனைவிடச் சற்றே குறுகிய துளையுள்ள நைலான் வளையம் ஒன்று பதிந்திருக்கும். மரையின் தொடக்கத்தில் நட்டு விரலுக்கு இணங்கிச் சுலபமாக ஏறும். போல்ட்டின் நுனி வளையத்தைத் தொட்டதும் கையை எதிர்த்து நின்றுவிடும். அப்பால் ஸ்பேனர் இல்லாமல் நகராது. எஞ்சினின் இடைவிடாத அதிர்விலும் நட்டைத் தளரவொட்டாமல் காப்பது இந்த எதிர்ப்பே. நெருப்புத் தடுப்புச் சுவருக்கு முன்புறம், வெப்பம் 121 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடிய இடங்களில், நைலான் உதவாது. ஆகையால் அங்கே தலைப்பகுதி சிறிது நசுக்கப்பட்டு நீள்வட்டமான, முழுதும் உலோகத்தாலாகிய நட்டு இடப்படுகிறது. நெம்புகோல் முதலியவற்றில் போல்ட்டே சுழலும் மூட்டுகளிலோ உராய்வை மட்டும் நம்புவது கூடாது. காசில் நட்டும் அதன் ஊடே செல்லும் காட்டர் பின்னும் அவ்விடங்களுக்கு அவசியம்.

கழற்றும்தோறும் அந்த நைலான் வளையம் தன் பிடியில் ஒரு பங்கை இழக்கிறது. விமானக் கட்டுமானத்திலோ கழற்றுவதுதான் நித்திய காரியம்: இறக்கையின் பின்விளிம்பில் அசையும் உறுப்பைக் கீல்களில் மாட்டி, இடைவெளி பார்த்து, கழற்றி, அராவி, மறுபடி மாட்டி, வர்ணம் பூசுவதற்காக மீண்டும் கழற்றி, கடைசியில் ஒருநாள் நிலையாகப் பொருத்துகிறார்கள். அந்தக் கடைசி நாளில் கைக்கு அகப்படுவது, இத்தனை முறை ஏறி இறங்கிய பழைய நட்டாகவே இருந்துவிடுவது சகஜம்.

பிடி இழந்த வளையத்தால் விபரீதம் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2011 செப்டம்பர் 16 அன்று நெவாடா மாநிலத்து ரீனோ விமானப் பந்தயத்தில் உலகம் கண்டது. அங்கே பறந்த பி-51 மஸ்டாங் விமானம் கட்டுப்பாடு இழந்து பார்வையாளர் பகுதியருகே விழ, விமானியும் பார்வையாளர் 10 பேரும் மாண்டனர். வாலிலுள்ள டிரிம் டேப் என்னும் சிறு தகட்டைப் பிடித்திருந்த நட்டுகளின் உள்வளையங்கள் சீர்கெட்டுப் போனதால் திருகுகள் தளர்ந்தன. அவற்றில் ஒன்று களைத்து விரிசல் கண்டது. பந்தய வேகத்தில் தகடு படபடத்து அதன் இணைப்பு முறிந்தது என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நிர்ணயித்தது. பரிசோதிக்கப்படாத பெரும் மாற்றங்கள் அவ்விமானத்தில் செய்யப்பட்டிருந்ததும் ஒரு காரணம் என்று வாரியம் கூறியது. அது பாகங்களை வாங்கி வீட்டில் கட்டிய விமானம் அன்று. ஆயினும் நட்டின் வளையத்துக்கு அந்தப் பேதம் தெரியாது.

அமெரிக்க அரசாங்கத்தின் வழிகாட்டி நூலே, உராய்வு குறிப்பிட்ட அளவுக்குக் குறையாதவரை நட்டை மீண்டும் பயன்படுத்த அனுமதிக்கிறதே என்று சிலர் வாதிக்கலாம். விதி அவ்வாறிருப்பது உண்மை. ஆனால் அந்த உராய்வை ஒவ்வொரு முறையும் டார்க் ரெஞ்சால் அளந்து பார்க்கும் பொறுமை எத்தனை பேருக்கு உண்டு? கால் அங்குல போல்ட்டுக்கு 50 முதல் 70 அங்குல-பவுண்டு வரை இறுக்க வேண்டும் என்னும் கணக்கோடு நட்டின் சொந்த உராய்வையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதையே மறந்துவிடுவோர் உண்டு. அளக்காத ஒன்றை நம்புவதைவிட, அற்ப விலையுள்ள புது நட்டை எடுத்துப் பூட்டுவதே விவேகம். சிக்கனம் பெரிய குணம்தான். உயிரைத் தாங்கும் இடம் அதற்கு உரிய இடமன்று.

இதைவிடக் கவலை தரும் பழக்கம் ஒன்றுண்டு. மூடுதகடுகளைத் திருகுவதற்காக ரிவெட் அடித்துப் பதிக்கும் நட் பிளேட்டுகளில் திருகு கடினமாக ஏறுகிறதென்று, மரை வெட்டும் டேப்பை உள்ளே ஓட்டிச் சிலர் வழியைச் சுலபமாக்கிக்கொள்கிறார்கள். வேண்டுமென்றே நசுக்கி அமைத்த மரையை நேராக்கிய அக்கணமே அதன் பூட்டும் சக்தி நாசமாகிறது. எதிர்ப்பைக் குறையென்று எண்ணும் மனப்பான்மையே இங்கே பிழை. சிறிது மசகு தடவிப் பொறுமையோடு திருகினால் காரியமும் நடக்கும், பூட்டும் நிலைக்கும்.

பரிகாரம் எளியது. ஒத்திகை பார்க்கும் நாட்களில் சிவப்பு வர்ணம் பூசிய சாதாரண நட்டுகளையே பயன்படுத்துக. கடைசிப் பொருத்தத்தில் புது நைலாக் நட்டை இட்டு, போல்ட்டின் நுனி வளையத்தைத் தாண்டி வெளியே தெரிகிறதா என்று பார்த்து, அளவாக இறுக்கி, நட்டின் மீதும் போல்ட்டின் மீதும் ஒரே கோடாக அடையாள வர்ணம் தீட்டுக. அந்தக் கோடு விலகினால் தளர்ச்சி உடனே கண்ணில் படும். சிவப்பு மிஞ்சியிருந்தால் வேலை முடியவில்லை என்பது எவருக்கும் விளங்கும். பாகங்களை விற்கும் நிறுவனங்கள் இந்தச் சிவப்பு நட்டுகளையும் உபரியான புது நட்டுகளையும் பெட்டியிலேயே வைத்து அனுப்பட்டும். 1953 முதல் இயங்கிவரும் சோதனை விமானச் சங்கத்தின் ஆலோசகர்கள், கொட்டகைக்கு வந்து வேலையைப் பார்வையிடும்போது முதலில் இதைக் கேட்கட்டும். விமானத்தைக் கட்டுபவர் தம் உயிரைத் தாமறிந்து பணயம் வைக்கிறார். அவர் பறக்கும் வழியில் கீழே குடியிருப்போர் அவ்வாறு எதற்கும் சம்மதித்தவர்கள் அல்லர். அவர்களுக்குச் செலுத்த வேண்டிய மரியாதையில், புது நட்டின் விலை மிகச் சிறிய பங்கு.