பேய் யார், எதிர்காலம் யாருக்கு?

கொல்கத்தாவில் பேய்க்கதை படிப்பவரை யாரும் தாழ்வாக நினைப்பதில்லை. காலேஜ் ஸ்ட்ரீட்டில் தாகூர் தொகுதி கேட்டு வரும் பெரியவர் அதே கடையில் பேய்க்கதைத் தொகுப்பையும் கேட்டு வாங்கிப் போகிறார். துர்கா பூஜையை ஒட்டி வரும் ஆண்டு மலர்களில் திகிலுக்கும் அறிவியல் புனைகதைக்கும் எப்போதும் இடம் உண்டு. சத்யஜித் ராயின் பேராசிரியர் ஷோங்கு கதைகள் பலவும் 'ஆனந்தமேளா' பூஜை மலர்களில் வந்தவைதாம். காளி பூஜைக்கு முந்தைய இரவு பூத சதுர்தசி. அன்று வீட்டுக்கு வீடு பதினான்கு விளக்கு ஏற்றி, பதினான்கு வகைக் கீரை சமைத்து, இறந்துபோன முன்னோரை நினைக்கிறார்கள். செத்த பிறகும் மீன் ஆசை விடாத மேச்சோ பூத், சங்கு வளையல் அணிந்த சாக்சுன்னி, வில்வ மரத்தில் குடியிருக்கும் பிரம்மதைத்யன் என்று இங்கே பேய்களுக்கும் குலம், குணம், குடியிருப்பு எல்லாம் உண்டு. 2009இல் ரேடியோ மிர்ச்சி தொடங்கிய 'சண்டே சஸ்பென்ஸ்' வந்தபிறகு, வங்க எழுத்தைச் சரளமாக வாசிக்கத் தெரியாத பிள்ளைகளும் இந்தக் கதைகளைக் காதால் கேட்டு வளர்கிறார்கள்.

நம் வாசகர்கள் அண்மையில் படித்த திகில் நூல்களையும் அறிவியல் புனைகதைகளையும் பற்றி இந்த இதழில் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் கொண்டாடிய நூலை இன்னொருவர் ஒதுக்கியிருக்கிறார். அவை அப்படியே வெளியாகின்றன. ஆசிரியர் குழுவின் தரப்பை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறோம். திகில் கதையை மூடி வைத்ததும் 'இதில் பேய் யார்?' என்று கேட்க வேண்டும். அறிவியல் புனைகதையை மூடி வைத்ததும் 'இந்த எதிர்காலம் யாருக்கு?' என்று கேட்க வேண்டும். இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லத் திணறும் நூல், எவ்வளவு விறுவிறுப்பாக எழுதப்பட்டிருந்தாலும், நம் மதிப்பில் உயராது.

தாகூர் 1892இல் எழுதிய 'கங்கால்' கதையை எடுத்துக்கொள்வோம். மருத்துவ மாணவர் ஒருவரிடம் பையன்கள் எலும்புகளின் பெயர் கற்பதற்காக ஓர் அறையில் எலும்புக்கூடு தொங்கவிடப்பட்டிருக்கிறது. ஆண்டுகள் கழித்து, அதே அறையில் தூங்க நேர்ந்தவனிடம் அந்த எலும்புக்கூட்டுக்கு உரியவள் வந்து உட்கார்ந்து பேசுகிறாள். மணமான இரண்டே மாதங்களில் விதவையானவள். தன் அழகு தனக்கே தெரிந்தவள். காதலித்த மருத்துவர் வேறொருத்தியை மணக்கக் கிளம்பிய இரவில் அவருக்கு நஞ்சிட்டுத் தானும் நஞ்சுண்டு இறந்தவள். மணப்பெண் கோலத்தில், புன்னகையோடு தன்னைக் கண்டெடுப்பார்கள் என்று நினைத்தாளாம். கடைசியில் அவள் உடம்பு, ஆசிரியர் பிரம்பால் சுட்டிக்காட்டப் பையன்கள் பாடம் படிக்கும் பொருளாகிவிட்டது. கதையில் அச்சமூட்டுவது நள்ளிரவில் வந்து பேசும் அந்தப் பெண்ணா? உயிரோடு இருந்தபோது ஒருவரும் காதுகொடுத்துக் கேட்காத அவள் வாழ்வல்லவா? அன்றைய வங்கத்தில் விதவைக்குப் பேச இடமில்லை. தாகூர் அவளைப் பேயாக்கித்தான் பேச வைத்தார்.

தமிழருக்கு இது புதிதல்ல. கொலையுண்டவர் தெய்வமாகிக் கோயில் கொண்ட ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். மதுரை வீரன், காத்தவராயன் என்று அதிகாரம் கொன்றவர்களுக்கு மக்கள் பூசை வைத்தார்கள். பழையனூர் நீலி, கொன்றவனைத் தேடி வந்து கணக்குத் தீர்த்தாள். ஆவி என்பது தீராத வழக்கு என்று நம் கிராமங்கள் எப்போதோ புரிந்துகொண்டுவிட்டன. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யும் அந்த மரபில் ஊன்றி நின்றுதான் நவீனமாயிற்று.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் அண்மைக் கால வங்கத் திகில் நூல்கள் பலவற்றில் ஒரு சரிவு தெரிகிறது. கடந்த பத்தாண்டாகக் காலேஜ் ஸ்ட்ரீட்டில் தாந்திரிகத் திகில் கொடி கட்டிப் பறக்கிறது. கறுப்பும் சிவப்புமான அட்டை, மண்டையோடு, எரியும் சிதை, அருகே சடைமுடித் தாந்திரிகர். மந்திரம், யந்திரம், பலி ஆகியவற்றின் விவரம் பக்கம் பக்கமாக வருகிறது. நகரத்துப் படித்த இளைஞர்கள் மலைக்கோ காட்டுக்கோ போகிறார்கள். அங்கே உள்ள தெய்வமோ கிழவியோ அவர்களைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு அறிவும் ஆசாரமும் உள்ள பெரியவர் ஒருவர் வந்து விடுவிக்கிறார். கதைக்குக் கதை ஆள் மாறினாலும் அச்சு மாறுவதில்லை.

சௌவிக் சக்ரவர்த்தியின் புகழ்பெற்ற கதை ஒன்று 'பர்ணசவரீர் ஷாப்'. பர்ணசவரியின் சாபம் என்று பொருள். 2023இல் பரம்பிரத சட்டோபாத்யாயின் இயக்கத்தில் ஹோய்சோய் தளத்தில் இது தொடராகவும் வந்தது. கதை சொல்லும் திறமையில் குறையில்லை. ஆனால் பர்ணசவரி யார்? இலை உடுத்த சபரப் பெண்ணின் உருவில் வஜ்ரயான பௌத்தர் வழிபட்ட தேவி. கொள்ளைநோயை ஓட்டுபவள். பால மன்னர் காலத்து அவள் சிலைகள் டாக்கா அருகே விக்ரம்பூர்ப் பகுதியில் கிடைத்திருக்கின்றன. அதாவது வங்கத்தின் காட்டுக் குடிகளுடைய சாயல் கொண்ட, நோய் தீர்க்கும் தாய் அவள். அவள் பெயரோடு 'சாபம்' சேர்ந்து தலைப்பாகும்போது நமக்கு உறுத்துகிறது. ஒரு கதையின் குற்றமாக இதைச் சொல்லவில்லை. சந்தையில் குவியும் இந்த வகைக் கதைகளில் காட்டு மக்களும், தாழ்த்தப்பட்டோரும், தனித்து வாழும் கிழவியும் திரும்பத் திரும்பத் தீமையின் உருவாகிறார்கள் என்பதுதான் நம் கவலை. இந்த வகைக்கு முன்னோடி என்று எல்லோரும் காட்டும் தாராநாத் தாந்திரிக்கைப் படைத்த விபூதிபூஷண் பந்தோபாத்யாய் அப்படிச் செய்யவில்லை. அவருடைய தாராநாத், பெற்ற சக்தியைப் பேராசையால் இழந்து வறுமையில் காலம் தள்ளும் சோதிடர். அவருடைய வீழ்ச்சிதான் கதைக்குக் கனம் தருகிறது. பின்னால் வந்தவர்கள் பலர் தாந்திரிகரை எடுத்துக்கொண்டார்கள். வீழ்ச்சியை விட்டுவிட்டார்கள்.

தன்னைத் தவிர மற்றவர் எல்லாம் பேய் என்று எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நகரமே சாட்சி. டான் சிம்மன்ஸ் என்ற அமெரிக்கர் 1985இல் 'சாங் ஆஃப் காளி' என்ற நாவலை எழுதினார். அடுத்த ஆண்டு அதற்கு உலக ஃபேண்டஸி விருது கிடைத்தது. அதன் கதைசொல்லிக்கு இந்த நகரமே துடைத்தழிக்க வேண்டிய தீமை. இங்கே ஒரு டீக்கடைக்காரர், ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு டிராம் ஓட்டுநர் என்று மனிதர் வாழ்கிறார்கள் என்ற எண்ணமே அதில் இல்லை. அந்த நாவலைப் படித்துக் கோபப்படும் கொல்கத்தா வாசகர், அதே கண்ணால் தன் ஊர்க்காரர் சபரரையும் சந்தாலரையும் பார்த்து எழுதுவதைப் படிக்கும்போதும் கோபப்பட வேண்டும்.

நல்ல மறுமொழி இந்த நகரத்திலிருந்தே வந்திருக்கிறது. கொல்கத்தாவைச் சேர்ந்த இந்திரபிரமித் தாஸ் ஆங்கிலத்தில் எழுதிய 'தி டெவவரர்ஸ்' 2015இல் வெளியானது. மனிதரைத் தின்னும் உருமாறிகளின் கதை. வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரிடம் முகம் தெரியாத ஒருவன் பழைய ஏடுகளைக் கொடுத்து நகலெடுக்கச் சொல்கிறான். முதல் ஏடு ஷாஜகான் காலத்தில் இந்தியாவுக்கு வந்த உருமாறி எழுதியது. அவன் சைரா என்ற பெண்ணைக் கெடுத்ததைக் காதல் என்று அதில் அலங்கரிக்கிறான். அடுத்த ஏடு சைராவுடையது. அவள் பேசத் தொடங்கியதும் முதல் ஏட்டின் அழகெல்லாம் உதிர்ந்துவிடுகிறது. 'கங்கால்' கதையின் பெண் இங்கே உயிரோடு நின்று பேசுகிறாள். அண்மையில் நாம் படித்த திகில் நாவல்களில் இதை முதலில் வைப்போம்.

இனி இரண்டாவது கேள்வி. வங்க அறிவியல் புனைகதையின் தொடக்கமே அழகானது. 1896இல் ஜகதீஷ் சந்திர போஸ், குந்தலீன் கூந்தல் எண்ணெய் நிறுவனம் நடத்திய போட்டிக்கு ஒரு கதை எழுதிப் பரிசு பெற்றார். கல்கத்தாவைத் தாக்கும் என்று எதிர்பார்த்த புயல் காணாமல் போகிறது. இலங்கைக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த ஒருவர், மகள் கொடுத்தனுப்பிய எண்ணெய்ப் புட்டியைக் கடலில் கொட்டி அலையை அடக்கியதுதான் காரணம் என்று கதை சொல்கிறது. வானிலை அறிஞர்கள் விடை தெரியாமல் தவிக்க, சாதாரண மனிதர் ஒருவரின் கையில் இயற்கை அடங்குகிறது.

அதைவிட நமக்கு நெருக்கமானது பேகம் ரொக்கேயாவின் 'சுல்தானாவின் கனவு'. 1905இல் அது முதலில் அச்சானது நம் சென்னையில், 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில். அதில் பெண்கள் சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறார்கள். மேகத்திலிருந்து நீரை இறக்கிக்கொள்கிறார்கள். வானூர்தியில் பறக்கிறார்கள். ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போக விடாமல் வளர்க்கப்பட்ட ஒரு முஸ்லிம் பெண், எதிர்காலம் யாருக்கு என்ற கேள்வியை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நேராகக் கேட்டார். பின்பு 1911இல் கல்கத்தாவில் பெண்களுக்குப் பள்ளி நடத்தி, அதற்குப் பதிலும் தேடினார்.

1963இல் அத்ரீஷ் பர்தன் 'ஆச்சர்ய' இதழைத் தொடங்கினார். அறிவியல் புனைகதைக்கென்றே இந்தியாவில் தோன்றிய முதல் இதழ் அது. பிரேமேந்திர மித்ராவும் சத்யஜித் ராயும் துணை நின்றார்கள். 2016 முதல் வரும் 'கல்பவிஸ்வ' அந்த வழியைத் தொடர்கிறது. 1962இல் 'சந்தேஷ்' இதழில் வந்த ராயின் 'பங்குபாபுவின் நண்பன்' கதையில், மாணவர்களும் ஊர்ப் பெரியவர்களும் கேலி செய்யும் ஓர் ஏழைப் பள்ளி ஆசிரியரிடம் வேற்றுக் கிரகவாசி வந்து பேசுகிறது. அது போன பிறகு அவர் நேரே கேலிக்காரர்களின் கூட்டத்துக்குப் போய், இனி வரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். விண்கலம் அந்த ஆசிரியருக்குக் கொடுத்தது தலை நிமிர்வு. இதைவிட மேலான தொழில்நுட்பம் ஏது?

அமிதவ் கோஷின் 'தி கல்கத்தா குரோமோசோம்' 1995இல் வெளிவந்து, 1997இல் ஆர்தர் சி. கிளார்க் விருது பெற்றது. மலேரியா ஆய்வுக்கு 1902இல் நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ராஸுக்கு இன்றைய எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையில் நினைவுச் சின்னம் இருக்கிறது. அவரோடு இங்கே உழைத்த கிஷோரி மோகன் பந்தோபாத்யாயையும் முகமது பக்ஸையும் அந்த வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கோஷின் நாவலில் ஆய்வுக்கூடத்தைத் துப்புரவு செய்யும் மங்களாவுக்கு ராஸை விட அதிகம் தெரிந்திருக்கிறது. அதைத் தோண்டித் துருவும் பாத்திரத்தின் பெயர் முருகன் என்பதும் நமக்குப் பிரியமான செய்தி.

அண்மை நூல்களில், சமித் பாசுவின் 'சோஸன் ஸ்பிரிட்ஸ்' (2020) ஓயாத கண்காணிப்பில் வாழும் நாளைய தில்லியைக் காட்டுகிறது. தன் வேலையையும் தன்னைச் சேர்ந்தவர்களையும் காப்பாற்றிக்கொள்ளத்தான் அதன் நாயகிக்கு முதலில் தோன்றுகிறது. நம்மில் பலருக்கும் அப்படித்தான் தோன்றும் என்பதால் அது சுடுகிறது. இந்திரபிரமித் தாஸின் குறுநாவல் 'தி லாஸ்ட் டிராகனர்ஸ் ஆஃப் பௌபஜார்' (2023) வேறு உலகிலிருந்து வந்து கொல்கத்தாவில் குடியேறிய குடும்பத்தைப் பற்றியது. இங்கே பிள்ளை ஒட்டி வாழ வேண்டும் என்று பெரியவர்கள் அவனுக்கு மறதித் தேநீர் கொடுக்கிறார்கள். மூன்று தலைமுறையாக லேக் மார்க்கெட் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இதைப் படித்தால் நெஞ்சு கனக்கும். பாட்டியின் ஊர்ப்பெயர்கூடத் தெரியாத பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

தமிழிலும் வேலை நடந்திருக்கிறது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' சர்வாதிகாரத்தைப் பற்றிய நாவலாகவே இன்றும் நிற்கிறது. ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பும், 2018இல் தொடங்கிய 'அரூ' இதழும் புதிய வாசல்களைத் திறந்தன. சென்னை ப்ளாஃப்ட் பதிப்பகம் 2024இல் சாதி எதிர்ப்பு அறிவியல் புனைவுகளின் ஆங்கிலத் தொகுப்பைக் கொண்டுவந்தது. எதிர்காலத்திலும் சாதி இருக்குமா என்று கேட்காத அறிவியல் புனைகதை இந்தியாவுக்கு உரியதாக இருக்க முடியாது என்பதை அது நினைவூட்டுகிறது.

ஆனாலும் ஒரு பெருங்குறை. த.நா. குமாரசாமியும் த.நா. சேனாபதியும் தாகூரை நமக்குத் தந்தார்கள். கொல்கத்தாவில் வாழ்ந்த சு. கிருஷ்ணமூர்த்தி 'நீலகண்டப் பறவையைத் தேடி' என்ற வங்க நாவலைத் தந்தார். வீ.பா. கணேசன் ராயின் துப்பறிவாளர் ஃபெலூடாவைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தார். இந்த வரிசையில் வங்கத்துப் பேய்களும் விண்வெளியும் தமக்குரிய இடத்தை இன்னும் பெறவில்லை. இரண்டு மொழியும் அறிந்தவர்கள் இந்த நகரில் இருக்கிறோம். ஆங்கிலம் வழியாகச் சுற்றி வராமல், வங்கத்திலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவர நம்மால் முடியும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்குப் பிடித்த ஒரு வங்கத் திகில் கதையையோ அறிவியல் கதையையோ தேர்ந்து, எழுதியவரிடமோ உரிமை பெற்றவரிடமோ அனுமதி வாங்கி, மொழிபெயர்த்து அனுப்புங்கள். சொந்தக் கதை எழுதுவோரும் அனுப்பலாம். எங்கள் நிபந்தனை ஒன்றுதான். பேய் யார், எதிர்காலம் யாருக்கு என்று உங்களையே கேட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். தகுதியான எழுத்துக்கு அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.